பேர் சொல்லாத மன்றாட்டு

டீச்சர்னு ஒருத்தங்க எங்க கோயில் பங்குல இருக்காங்க. பேர் வேண்டாமுங்க. அவங்களும் எம்பேரைச் சொல்லாமத்தான் எனக்கு அதைச் செஞ்சாங்க. அதனால நானும் பேரைச் சொல்லாமயே சொல்லிப்போடறேன்.

கணபதியில ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. எங்க ஊட்டுல இருந்து ரெண்டு சந்து தள்ளி அவங்க ஊடு. ஊட்டுக்காரர் தவறிட்டார். ஒரே பையன், அவனும் பெங்களூர்ல. அதனால கோயில்தான் அவங்களுக்கு எல்லாமே. ஞாயித்துக்கிழமைப் பூசையில வாசகம் வாசிக்கறது, புள்ளைங்களுக்கு மறைக்கல்வி நடத்தறது, திருவிழாவுக்குப் பீடம் ஜோடிக்கறது, எதுலயும் டீச்சர் இருப்பாங்க. எங்க நோயாளர் சந்திப்புக் குழுவுக்கும் அவங்கதான் தலைவி.

குழுன்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. மொத்தமே மூணு பொம்பளைங்க. டீச்சர், நான், அப்பறம் ஒரு பேக்கரிக்காரம்மா. பேக்கரிக்காரம்மாவுக்குக் கடையில கூட்டம் இல்லைன்னா வருவாங்க, இருந்தா வரமாட்டாங்க. அதனால வருசக்கணக்கா டீச்சரும் நானும்தான் ஜோடி. வண்டி என்னோடது. நான் ஓட்டுவேன், டீச்சர் பின்னால உக்காந்துக்குவாங்க, மடியில பழப்பை. கணபதியில ஒவ்வொரு சந்துலயும் ஒரு பட்டறை, ஒவ்வொரு பட்டறைக்கு முன்னாலயும் ஒரு லோடு வண்டி நிக்கும். அதுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போகும்போது டீச்சர் எந்தோளைப் புடிச்சுக்கிட்டு, "மெதுவா அம்மணி, மெதுவா"ம்பாங்க. அந்தக் கை இன்னும் எந்தோள்ல இருக்கற மாதிரியே இருக்குது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

படுத்த படுக்கையாக் கெடக்கறவங்க கோயிலுக்கு வர முடியாது பாருங்க, அவங்களுக்கு நன்மை, அதான் பூசையில குடுக்கற அப்பம், கொண்டுபோய்க் குடுக்கறது எங்க வேலை. ஃபாதர் ஒரு ஆளு, அத்தனை ஊட்டுக்கும் அவரால போக முடியாது. டீச்சருக்கு நன்மை குடுக்க ஆயர் இல்லத்துல இருந்தே அனுமதி உண்டு. சின்னப் பேழையில நன்மையை வெச்சுக் கழுத்துல தொங்க விட்டுக்குவாங்க. நான் வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, தீர்த்த பாட்டில். போனதும் ஒரு ஸ்டூலைத் தொடைச்சுத் துணியை விரிச்சு மெழுகுவத்தி ஏத்துவேன். ஒரு பாட்டு. அப்பறம் டீச்சர் கட்டில் பக்கத்துல குனிஞ்சு கேப்பாங்க, "உங்க கருத்து ஏதாவது இருக்குதுங்களா? எதுக்காக மன்றாடலாம்?"

அப்படிக் கேட்டா மனுசங்க எப்படி ஒடைஞ்சு போவாங்கன்னு நீங்க பாத்திருக்கணும். முட்டி வலின்னு ஆரம்பிப்பாங்க, மருமக சோறு போடறதில்லைங்கற வரைக்கும் வந்துருவாங்க. சொல்லி முடிச்சதும் சுத்தி இருக்கறவங்க எல்லாரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு சொல்லணும். சின்ன வயசுல இருந்து சொல்லிச் சொல்லி, அது யோசிச்சுச் சொல்றது கிடையாது. நாய் குறுக்க வந்தா கை தானா பிரேக்கைப் புடிக்கறதில்லீங்களா, அந்த மாதிரி. ஒருத்தங்க குரல் ஒரு மாதிரி எறங்கி நின்னா, எங்க வாய் தானாத் தொறந்துக்கும்.

வெளிய வந்து வண்டியை எடுக்கறப்ப டீச்சர் ஒண்ணு சொல்லுவாங்க. "ஊட்டுல கேட்டது ஊட்டோட, அம்மணி." அவங்க போட்ட ரூலு அது. நான் சேர்ந்த அன்னைக்கே சொன்னாங்க. எனக்கு நெம்பப் புடிச்சிருந்துச்சு.

ஆனா ஒண்ணு இருக்குது. இதை இப்பத்தான் யோசிக்கறேன். எங்க பங்குல அன்பியம்னு வெச்சிருக்கோம். ஒரு தெரு, ரெண்டு தெருக் குடும்பங்களைச் சேத்து ஒரு அன்பியம். மாசத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தங்க ஊட்டுல கூடி செபமாலை சொல்லி, பைபிள் வாசிச்சு, கடைசியா அவங்கவங்க மனசுல தோணுற மன்றாட்டைச் சத்தமாச் சொல்லுவாங்க. அங்கயும் ஒரு வழக்கம். யார் பேரையும் சொல்லக் கூடாது. "ஒரு சகோதரி"ன்னு சொல்லணும், "ஒரு குடும்பம்"னு சொல்லணும். "ஒரு குடும்பத்தில் இரண்டு மருமகள்களும் பேசிக்கொள்வதில்லை ஆண்டவரே"ன்னு ஒரு குரல் வரும். கண்ணை மூடிக்கிட்டே நாங்க எல்லாரும் அந்த ஊட்டைப் பாப்போம். எந்த ஊடுன்னு தெரியாதவங்க அந்த ரூம்ல ஒருத்தர் இருக்க மாட்டாங்க. அடுத்த நாள் தையல் கடையில பேச்சு ஓடும், "பாவம், மன்றாட்டுல கேட்டீங்களா?"ன்னு. செபம்னு சொல்லிட்டா யாருக்குங்க அது கோள் மூட்டறதாத் தெரியும்?

சரி, விசயத்துக்கு வாரேன்.

எம்பொண்ணுக்குக் கண்ணாலம் பேசி முடிச்சிருந்தோம். கருமத்தம்பட்டி மாப்பிள்ளை. தறிக்காரக் குடும்பம், நம்ம சபைதான், நல்ல மனுசங்க. பொண்ணு சரவணம்பட்டிப் பக்கம் ஐடி கம்பெனியில வேலை. அவ சிரிச்சா மேல் ஈறு மொத்தமும் தெரியும். சின்னதுல, "வாயை மூடிச் சிரி கண்ணு"ம்பேன். கேக்க மாட்டா. அந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் மாப்பிள்ளை ஊட்டுல ஒத்துக்கிட்டாங்கன்னு எங்கூட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

கோயில்ல மொத ஓலை வாசிச்சாச்சு. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கண்ணாலம், தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு ஃபாதர் பூசையில அறிவிப்பாரே, அது. அந்த வாரத்துலதான் குளிக்கறப்ப எடப்பக்க மாருல கையில ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. வேர்க்கடலை கணக்கா. வலி ஒண்ணும் இல்லை. வலி இல்லாததுதான் எனக்குப் பயமாப் போச்சு. நோயாளிங்க ஊட்டுக்குப் போய்ப் போய் எனக்கு அந்தளவுக்கு வெவரம் தெரியும்.

ஊட்டுல சொல்லலை. டீச்சர்கிட்டச் சொன்னேன். வேற யாருகிட்டங்க சொல்லுவேன்? ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரும் எப்பவும் சேர்ந்து போறவங்க. "சந்திப்புக்குப் போறோம்"னு சொல்லிட்டுக் கெளம்பினா ஊட்டுல ஏன் எதுக்குன்னு கேள்வியே கிடையாது. ஸ்கேன், அப்பறம் ஊசியில சதை எடுத்து டெஸ்ட்டு. டீச்சர்தான் கூடவே இருந்தாங்க. உள்ள போறப்ப எம்பையையும் செயினையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ரிசல்ட் வந்த அன்னைக்கு டாக்டரம்மா சொன்னதை அவங்களும் பக்கத்துச் சேர்ல உக்காந்து கேட்டாங்க. கேன்சர்தான். ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம், ஆனா ஆபரேசன் பண்ணணும். நான் கண்ணாலத் தேதியைச் சொன்னேன். டாக்டரம்மா காலண்டரைப் பாத்துட்டு, "முடிஞ்ச அடுத்த வாரமே வந்து அட்மிட் ஆயிரணும். அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது"ன்னாங்க. சரின்னேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிகிட்ட நின்னு டீச்சர் கையைப் புடிச்சுக்கிட்டேன். "டீச்சர், எங்கூட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா பொண்ணுக்குத் தெரியக் கூடாது. கண்ணாலம் முடியட்டும். கழுத்துல தாலி ஏறி, அவ ஈறு தெரியச் சிரிச்சு நான் ஒரு தடவை பாத்துக்கறேன். அதுக்கப்பறம் நானே அவளை உக்கார வெச்சுச் சொல்லிக்கறேன். என்ற வாயாலதான் அவளுக்குத் தெரியணும். அது ஒண்ணுதானுங்க எனக்கு வேணும்."

டீச்சருக்குக் கண்ணு ரொம்பிருச்சு. "என்ன அம்மணி இது, எங்கிட்டப் போய்ச் சொல்லீட்டு இருக்கறே. ஊட்டுல கேட்டது ஊட்டோட. நம்ம ரூல் இல்லையா?"

நம்பினேன். ஏன் நம்பாம? அவங்களை நம்பாட்டி நான் யாரை நம்பறது?

எங்கூட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொன்னேன். பட்டறையில இருந்து வந்து கையைக்கூடக் கழுவாம அப்படியே உக்காந்துட்டார். லேத்து மிசின்ல நின்னு நின்னு பேச்சே கொறஞ்சு போன மனுசன். "உன் இஷ்டப்படியே பண்ணு, எங்கிட்ட இருந்து போகாது"ன்னார். போகவும் இல்லை.

ரெண்டாவது ஓலையும் வாசிச்சாச்சு. அந்த மாச அன்பியம் எங்கூட்டுல. கண்ணாலம் வருது, ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கலாம்னு நானே கேட்டு வாங்கினேன். ஹால்ல பாய் விரிச்சு, மாதா சொரூபத்துக்குச் செவ்வந்திப்பூ வெச்சு, கேசரியும் பஜ்ஜியும் போட்டிருந்தேன். பொண்ணு சாதாரணமா அன்பியத்துக்கு வரமாட்டா, வேலை முடிஞ்சு வரவே இருட்டிப் போகும். நம்ம ஊட்டுல நடக்குதுன்னு அன்னைக்குச் சீக்கிரம் வந்திருந்தா. எம்பக்கத்துலயே உக்காந்தா. டீச்சர் எங்களுக்கு எதிர்ல, சுவத்துல சாஞ்சு.

செபமாலை முடிஞ்சுது. பைபிள் வாசிச்சாச்சு. மன்றாட்டு ஆரம்பிச்சுது. பரீட்சை எழுதற புள்ளைங்களுக்காக ஒருத்தங்க. மழை வேணும்னு ஒருத்தங்க. எம்பொண்ணு கண்ணாலம் நல்லபடியா நடக்கணும்னு பேக்கரிக்காரம்மா சொன்னாங்க. எல்லாத்துக்கும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." அப்பறம் டீச்சர் தொண்டையைச் செருமினாங்க. செபம்னு வந்துட்டா அவங்களுக்கு எழுத்துத் தமிழ்தான் வரும்.

"பெயரைச் சொல்ல விரும்பவில்லை ஆண்டவரே. நோயாளிகளைத் தேடித் தேடிச் சென்று உமது பணியைச் செய்த ஒரு சகோதரி, இன்று தானே மார்பகப் புற்றுநோயால் துன்புறுகிறார். மகளின் திருமணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்பதற்காக, பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் அந்தச் சிலுவையைத் தனியாகச் சுமக்கிறார். அந்தத் தாயின்மேல் இரக்கம் வைத்தருளும்."

குரல் எறங்கி நின்னுச்சு. வாய் தானாத் தொறந்துக்கும்னு சொன்னேன் பாருங்க? தொறந்துக்குச்சுங்க. எல்லாரோட வாயும். எம்பொண்ணு வாயும். எம்பக்கத்துல உக்காந்து, கண்ணை மூடி, நல்ல கணீர்னு சொன்னா, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." என்ற வாய்கூட அசைஞ்சுதுங்க. அட கெரகமே, என்ற வாயே அசைஞ்சுது!

அடுத்த மன்றாட்டு யாரும் சொல்லலை. கண்ணை மூடிக்கிட்டே எல்லாரும் எங்கூட்டைப் பாத்தாங்க. நான் கண்ணைத் தொறந்தேன். எம்பொண்ணு என்னைப் பாத்துட்டு இருந்தா. சொன்ன வாய் மூடாம அப்படியே நிக்குது. மூஞ்சியில மொதல்ல ஒண்ணுமே இல்லை. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு, நோயாளிகளைத் தேடிப் போறவங்க யாரு, கண்ணாலத்துக்குப் பொண்ணு வெச்சிருக்கறது யாரு, ஒவ்வொண்ணா. குழுவுல இருக்கறது மூணு பேர். பேக்கரிக்காரம்மாவுக்கு ரெண்டும் பசங்க. டீச்சருக்கு ஒரு பையன். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு, எம்பொண்ணுக்குத் தெரியாமப் போகுமா?

அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. நான் கேசரி குடுத்தேன். ஆமாங்க, குடுத்தேன். வந்தவங்களை வெறும் வயித்தோட தாட்டி விட முடியுமா? ஒவ்வொருத்தரும் தட்டை வாங்கறப்ப எங்கையை ஒரு தரம் அமுக்கிட்டு வாங்கினாங்க. டீச்சரும் அமுக்கினாங்க.

எல்லாரும் போனப்பறம் பொண்ணு ரூம்ல கட்டில் மேல உக்காந்திருந்தா. நான் பக்கத்துல போனதும் தள்ளி உக்காந்தா.

"டீச்சருக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். இப்பக் கேசரி தின்னுட்டுப் போன அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"கண்ணாலம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன் கண்ணு."

"நான் யாருக்கோன்னு நெனச்சேன்மா. பாவம் யாரோன்னு நெனச்சு அவ்வளவு சத்தமாச் சொன்னேன்." அழுதா. நான் அவளுக்குச் சொல்றதுக்குன்னு மனசுக்குள்ள எத்தனை நாளா வார்த்தை சேத்து வெச்சிருந்தேன் தெரியுங்களா. ஆரம்பம்தான் கண்ணு, டாக்டரம்மா தைரியமா இருக்கச் சொன்னாங்க கண்ணு, நீ சிரிச்சதைப் பாத்துட்டுத்தான் சொல்லணும்னு இருந்தேன் கண்ணு. அதுல ஒண்ணுகூட அப்ப எடுபடலை. எல்லாமே சாக்குச் சொல்ற மாதிரி ஆயிப்போச்சு.

அடுத்த நாள் காலையில டீச்சர் ஊட்டுக்குப் போனேன். வண்டியை எடுக்கலை, நடந்தே போனேன், அவ்வளவு கோவம். டீச்சர் செடிக்குத் தண்ணி ஊத்தீட்டு இருந்தாங்க. "வா அம்மணி, நானே வரணும்னு இருந்தேன். மனசு லேசாச்சா?"ன்னாங்க. கேளுங்க இந்தக் கொடுமையை. மனசு லேசாச்சான்னு கேக்கறாங்க!

"ஏனுங்க டீச்சர் இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"என்ன பண்ணேன்? செபம்தானே பண்ணேன். ஊரைக் கூட்டியா சொன்னேன்?"

"ஊரைக் கூட்டித்தானுங்க சொன்னீங்க!"

"நான் ஆண்டவர்கிட்டச் சொன்னேன், அம்மணி."

"ஆண்டவர்கிட்டச் சொல்றதுக்கு எதுக்குங்க அவ்வளவு சத்தம்? அவருக்கென்ன காது மந்தமா?"

டீச்சர் தண்ணிச் சொம்பைக் கீழ வெச்சாங்க. நெசமாவே அவங்களுக்குப் புரியலைங்க. நடிச்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். "உன் பேரை நான் சொல்லலையே. பத்துப் பேர் செபம் பண்ணா உனக்குத்தானே நல்லது. நீ தனியாக் கெடந்து வெசனப்படறதைப் பாத்து எனக்குத் தாங்கலை. தப்பா எடுத்துக்காதே"ன்னாங்க. அவங்களுக்குத் தாங்கலையாம். எனக்குத் தாங்குச்சு, எங்கூட்டுக்காரருக்குத் தாங்குச்சு, அவங்களுக்குத் தாங்கலையாம்! நான் திரும்பி வந்துட்டேன். அன்னையில இருந்து என்ற வண்டியில பின்னால சீட்டு காலிதான்.

ஃபாதர்கிட்டப் போனேன். நல்லவர்தான், வயசு கம்மி. நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். "நல்ல எண்ணத்துலதானேம்மா சொல்லியிருக்காங்க. செபம் பண்ணாதீங்கன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"ன்னார். அதுவும் சரிதானுங்க. ஒருத்தி எம்மேல கல்லை எறிஞ்சான்னா பஞ்சாயத்து வெக்கலாம். செபத்தை எறிஞ்சவங்களை என்ன பண்றது? கெளம்பறப்ப, "உங்களைப் பூசையில நெனச்சுக்கறேன்"னார். "நெனச்சுக்கங்க ஃபாதர். சத்தமா மட்டும் வேண்டாம்"னேன். சிரிச்சார்.

கருமத்தம்பட்டிக்கும் சேதி போயிருச்சு. எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க, ஃபோன் எல்லார் கையிலயும் இருக்குது. சம்மந்தியம்மா கூப்பிட்டாங்க. திட்டியிருந்தாப் பரவாயில்லை. "எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே"ன்னு மெதுவாக் கேட்டாங்க. கண்ணாலத்தைத் தள்ளி வெக்கலாம்னு எம்பொண்ணு ஒரே புடிவாதம். டாக்டரம்மாகிட்டக் கூட்டீட்டுப் போய், கண்ணாலம் முடிஞ்சு ஆபரேசன் பண்ணாப் போதும்னு அவங்க வாயால சொல்லக் கேட்டப்பறம்தான் ஒத்துக்கிட்டா. குறிச்ச தேதியிலயே கண்ணாலம் நடந்துச்சு.

நடந்துச்சு, ஆனா எங்க நடந்துச்சு? மண்டப வாசல்ல நின்னு சந்தனம் குடுத்து ஒறம்பரைங்களை வாங்க வாங்கன்னு கூப்பிடணும்னு எனக்கு ஆசை. நிக்க விடலையே! போற எடமெல்லாம் ஒரு பிளாஸ்டிக் சேரு எம்பின்னாலயே வருது. "உக்காருங்க, நிக்காதீங்க, உங்களுக்கு எதுக்குச் செரமம்." எனக்குக் காலு நல்லாத்தாங்க இருந்துச்சு. பட்டுச்சீலை கட்டி, தலை நெறைய மல்லி வெச்சு, மூலையில ஒரு சேர்ல உக்காந்திருந்தேன். வந்தவங்க மொதல்ல எங்கிட்ட வந்து ஒரு பாவப்பட்ட பார்வை பாத்துட்டு, அப்பறம்தான் பொண்ணு மாப்பிள்ளைகிட்டப் போனாங்க.

கோயில்லதான் அதைவிட. தாலி கட்டினாரு மாப்பிள்ளை. பொண்ணு மூஞ்சியைப் பாக்கறேன், இந்தா சிரிக்கப் போறா, ஒதட்டுல வந்துருச்சு. அப்ப மன்றாட்டு. வழிபாட்டுக் குழுவுல எழுதிக் குடுத்ததைப் பாட்டுக் குழுப் பொண்ணு ஒருத்தி மைக்குல வாசிக்கறா. திருச்சபைக்காக, மணமக்களுக்காக. அப்பறம், "நோயுற்றிருக்கும் மணமகளின் தாயாருக்காக." மைக்குலங்க! கோயில் மொத்தமும், மாப்பிள்ளை ஊட்டாரு, எங்கூட்டுக்காரரோட பட்டறைப் பசங்க, எல்லாரும் சேர்ந்து, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும். எம்பொண்ணு மட்டும் சொல்லலை. ஒதட்டை இறுக்கி மூடிக்கிட்டா. வந்த சிரிப்பு அப்படியே உள்ள போயிருச்சு. ஃபோட்டோ ஆல்பம் வந்திருக்குது, பாருங்க வேணும்னா. ஒரு ஃபோட்டோவுலயும் அவ ஈறு தெரியாது. பாதி ஃபோட்டோவுல அவ கேமராவைப் பாக்காம நான் உக்காந்திருக்கற மூலையைப் பாத்துட்டு இருக்கறா.

அதை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாதுங்க. ஆபரேசன் பண்ணி மாரை எடுத்தாங்க, அதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கலை.

ஆபரேசன் முடிஞ்சு ஊட்டுக்கு வந்தாச்சு. பொண்ணு லீவு போட்டு வந்து கூடவே இருந்தா. மாப்பிள்ளைதான் கொண்டாந்து விட்டுட்டுப் போனார். ஒரு சனிக்கிழமைச் சாயங்காலம் வாசல்ல சத்தம். நோயாளர் சந்திப்புக் குழு. டீச்சர், பேக்கரிக்காரம்மா, புதுசா ரெண்டு பொம்பளைங்க. நான் போக முடியாததுனால சேத்திருக்காங்க. டீச்சர் கழுத்துல பேழை. பழப்பையைப் புதுசா வந்தவங்க ஒருத்தங்க வெச்சிருந்தாங்க. என்ற வெள்ளைத் துணியை இன்னொருத்தங்க விரிச்சாங்க, கோணலா. நேரா விரிங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லலை.

வேண்டாம் போங்கன்னு சொல்லியிருக்கலாம். ஆனா நன்மையோட வந்திருக்காங்க. சீக்குப் படுக்கையில கெடக்கறேன், பூசைக்குப் போய் வாரக்கணக்காச்சு, அதுக்கு மனசு ஏங்குச்சு. டீச்சர் வேற, ஆண்டவர் வேற. துண்டை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டு எந்திரிச்சு உக்காந்தேன். பொண்ணு முதுகுக்குத் தலகாணி வெச்சுட்டு, கதவுகிட்டப் போய் நின்னுக்கிட்டா.

மெழுகுவத்தி ஏத்தி, பாட்டுப் பாடினாங்க. டீச்சர் கட்டில் பக்கத்துல குனிஞ்சாங்க. அதே குரல், ஒரு மாத்தமும் இல்லை. "உங்க கருத்து ஏதாவது இருக்குதுங்களா? எதுக்காக மன்றாடலாம், அம்மணி?"

"இருக்குதுங்க டீச்சர். நானே சொல்லிக்கறேன்."

"சொல்லு அம்மணி." கண்ணை மூடிக் கையைக் கும்பிட்டுக்கிட்டாங்க. எல்லாரும் மூடிக்கிட்டாங்க. நான் மூடலை.

"பேர் சொல்ல விரும்பல ஆண்டவரே. ஒரு சகோதரி. இன்னொருத்தி அவங்களை நம்பிச் சொன்னதை, செபங்கற பேர்ல ஊருக்கே சொல்லிப்போட்டாங்க. அது தப்புன்னுகூட அவங்களுக்கு இன்னும் படலை. அவங்களுக்குப் படற மாதிரி பண்ணுங்க ஆண்டவரே."

குரலை எறக்கி நிறுத்தினேன். எப்படி நிறுத்தணும்னு எனக்குத் தெரியாதா?

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." எல்லாரும் சொன்னாங்க. எல்லாரைவிடச் சத்தமா டீச்சர் சொன்னாங்க. வாசகம் வாசிச்சுப் பழகின குரல் இல்லீங்களா, ரூமே அதிர்ந்துச்சு.

அப்பறம் கண்ணைத் தொறந்தாங்க. வாய் மூடலை. மூஞ்சியில மொதல்ல ஒண்ணும் இல்லை. பேக்கரிக்காரம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. புதுசா வந்தவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. டீச்சருக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வந்துச்சு. வந்ததும் கழுத்துல இருந்த பேழையை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டாங்க, கீழ விழுந்துரும்கற மாதிரி. அவங்களை மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லலை. இன்னைக்கு வரைக்கும் சொல்லலை.

ஆனா நன்மையை அவங்க கையிலதான் வாங்கினேன். "ஆமென்"னேன். எல்லாரும் கெளம்பிப் போனாங்க. வெள்ளைத் துணியை ஸ்டூல் மேலயே மறந்து விட்டுட்டுப் போயிட்டாங்க.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி. இத்தனை நாள் நெஞ்சுல அடைச்சிருந்தது எறங்கின மாதிரி. எம்பொண்ணும் சந்தோசப்படுவான்னு திரும்பிப் பாத்தேன். நல்லாக் குடுத்தேம்மான்னு ஈறு தெரியச் சிரிப்பான்னே நெனச்சேன். அவ சிரிக்கலை. மெழுகுவத்தியை ஊதி அணைச்சுட்டு, அந்தத் துணியை எடுத்து ஓரம் பாத்து மடிச்சா. மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டே என்னைக் கேட்டா.

"ஏம்மா, அன்னைக்கு எம்மூஞ்சியும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இதைவிட மோசமா இருந்துச்சு கண்ணு"ன்னேன்.